காய்ந்த ஆறும் காய்ச்சலும்

1934ஆம் ஆண்டு இலங்கையில் தென்மேற்குப் பருவமழை பொய்த்துப்போனது. வழக்கமாகக் கரைபுரண்டு ஓடும் களனி கங்கையும் மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் வற்றின. மணல்திட்டுகளுக்கும் பாறைகளுக்கும் நடுவே தெளிந்த நீர் குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. அக்டோபர் வாக்கில் கேகாலை, குருணாகல் பக்கத்து ஊர்களில் குளிர்காய்ச்சல் தலைகாட்டியது. அடுத்த ஏப்ரலில் அது தணிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்துவிட்டார்கள். 1931 கணக்கெடுப்பின்படி தீவின் மொத்த மக்கள்தொகையே 53 லட்சம்தான். அதில் 15 லட்சம் பேருக்குக் குறையாமல் மலேரியா கண்டது. இறந்தவர்களில் குழந்தைகள் ஏராளம். எண்ணிக்கையை விட அன்று மருத்துவர்களைக் குழப்பியது நோய் வந்த இடமும் காலமும்தான். இலங்கையில் மலேரியாவுக்குப் பேர்போனது வடக்கிலும் கிழக்கிலும் விரிந்து கிடக்கும் உலர் வலயம். ஆனால் இந்தக் கொள்ளைநோய் அடித்து நொறுக்கியதோ ஆண்டு முழுதும் பச்சையாக இருக்கும் ஈர வலயத்தின் ஓரப் பகுதிகளை. மழையும் சதுப்பும் இருந்தால் மலேரியா வரும் என்றுதான் எல்லோரும் படித்திருந்தார்கள். இங்கே மழை இல்லாததால் வந்தது.

இதற்கு நேர்மாறான காட்சி கால் நூற்றாண்டுக்கு முன் பஞ்சாபில் நடந்திருந்தது. 1908இல் அங்கே பெருமழை கொட்டித் தீர்த்தது. மழை ஓய்ந்தபின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் மலேரியாவுக்குப் பலியானோர் 3 லட்சத்துக்கும் மேல். அமிர்தசரஸ் நகரில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஆட்கள் படுத்துவிட்டதால் அன்றாட வேலைகளே நின்றுபோயின. அந்தக் கொள்ளைநோயை ஆராய்ந்து 1911இல் அறிக்கை எழுதிய கிறிஸ்டோஃபர்ஸ், பருவமழையின் மிகுதியையும் தானிய விலையேற்றத்தையும் இணைத்துக் காரணம் சொன்னார். அவருக்குப் பின் பஞ்சாபின் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய கர்னல் கில், மழை அளவையும் கோதுமை விலையையும் குழந்தைகளின் மண்ணீரல் வீக்கத்தையும் வைத்து வரப்போகும் காய்ச்சலை முன்கூட்டியே கணிக்கும் முறையை வகுத்தார். 1935இல் இலங்கை அரசு தன் நாட்டுக் கொள்ளைநோயை ஆராய அழைத்ததும் அதே கில்லைத்தான். பெருமழைக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவைப் பல ஆண்டுகள் கணக்குப் போட்டவர், வறட்சிக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவைப் பற்றி அறிக்கை எழுத வேண்டியதாயிற்று.

இரண்டு இடத்திலும் நோய் ஒன்றே. இன்னும் வியப்பானது, இரண்டு இடத்திலும் நோயைப் பரப்பிய கொசுவும் ஒன்றே: அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ். மாறியது மண் மட்டும்தான். பஞ்சாப் சமவெளி இயல்பிலேயே வறண்டது; அங்கே மழை மிஞ்சினால் தண்ணீர் வழிந்தோட வழியின்றிப் பள்ளமெல்லாம் தேங்கும், காற்றில் ஈரம் கூடும், ஈரம் கூடினால் கொசுவின் ஆயுள் நீளும். கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமி முதிர்வதற்குச் சில நாட்களாவது வேண்டும். அதுவரை உயிரோடிருக்கும் கொசுதான் நோயைப் பரப்பும். இலங்கையின் ஈர வலயத்தில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்கே குறையாக இருந்தது தேங்கிய நீர். ஆறு ஓடிக்கொண்டிருக்கும்வரை கொசுப்புழு கால் ஊன்ற முடியாது. ஆறு நின்றதும் அதன் படுகை முழுவதும் புழு வளரும் தொட்டியாகிவிட்டது. சுற்றுச்சூழல் உடல்நலத்தைப் பாதிக்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது உண்மைதான்; ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு ஊரைக்கூடக் காப்பாற்ற முடியாது. ஓரிடத்தில் கொன்ற மழையே இன்னோரிடத்தில் காத்தது. ஆசியாவில் மலேரியாவின் வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுவது, சூழல் என்பது எங்கும் ஒரே மாதிரி வேலை செய்யும் பொதுவான ஆற்றல் அல்ல என்பதைத்தான். குறிப்பிட்ட நிலம், அங்கே வாழும் குறிப்பிட்ட கொசு, அந்த மண்ணில் மனிதர் செய்யும் குறிப்பிட்ட வேலை, இந்த மூன்றும் சந்திக்கும் இடத்தில் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு.

அந்தச் சந்திப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வெயில் படும் ஆற்றுக் குட்டையில் பூச்சி ஆய்வாளர் நீண்ட காம்புள்ள அகப்பையைச் சாய்த்து இறக்கி நீரை மொள்கிறார். அகப்பைக்குள் பார்த்தால், வீட்டுத் தொட்டியில் காணும் கொசுப்புழு தலைகீழாகத் தொங்குவதுபோல் அனாபிலிஸ் புழு தொங்காது. நீரின் மேற்பரப்போடு ஒட்டி, ஒரு துரும்புபோலப் படுத்துக் கிடக்கும். நல்ல வெயிலில் முட்டை கொசுவாகப் பறக்கப் பத்து நாள் போதும். அதற்குள் ஒரு நல்ல மழை பெய்து ஆறு பெருகினால் ஒரு புழுவும் மிஞ்சாது. இலங்கையின் ஈர வலயத்தில் சாதாரண ஆண்டுகளில் நடந்துவந்தது இதுவே. மருத்துவர் பார்த்த இன்னொரு சாட்சி குழந்தைகளின் வயிறு. பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இடப்பக்க விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். மலேரியா ஓயாமல் தாக்கும் ஊரில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மண்ணீரல் கைக்குத் தட்டுப்படும். உலர் வலயத்தில் அப்படித்தான் இருந்தது. அங்கே பிழைத்து வளர்ந்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றலும் இருந்தது. கேகாலைப் பிள்ளைகளின் மண்ணீரல் சாதாரணமாக இருந்தது. நல்ல ஆரோக்கியத்தின் அடையாளமான அதுவே 1934இல் அவர்களுக்கு எமனாயிற்று. முன்னனுபவம் இல்லாத உடலுக்குள் கிருமி புகுந்தபோது தடுக்க ஒன்றுமில்லை.

மனிதர் கைபட்ட நிலத்தில் இந்த முரண் இன்னும் கூர்மையாகத் தெரியும். அதற்கு மலாயாவை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. தமிழர்கள் உயிரைக் கொடுத்துச் சேர்த்த சான்று அது. 1901இல் கிள்ளான் மாவட்டத்துக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், ஊரைச் சுற்றியிருந்த சதுப்புக் காட்டை வெட்டி, நீரை வடித்தார். மலேரியா மளமளவென்று இறங்கியது. அதே ஆண்டு திறக்கப்பட்டவுடன் காய்ச்சலால் முடங்கிய ஸ்வெட்டன்ஹாம் துறைமுகமும் அதே வைத்தியத்தால் பிழைத்தது. காட்டை வெட்டினால் காய்ச்சல் போகும் என்ற பாடம் எல்லோர் மனதிலும் பதிந்தது. பிறகு ரப்பர் விலை ஏறியது. தோட்டங்கள் கடற்கரைச் சமவெளியை விட்டுக் குன்றுகளை நோக்கி நகர்ந்தன. தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த ஆட்கள் காட்டை வெட்டி, எரித்து, பள்ளத்தாக்குகளைச் சுத்தமாக்கினார்கள். கிள்ளானில் காய்ச்சலைத் துரத்திய அதே வேலை குன்றுகளில் காய்ச்சலை வரவழைத்தது. சமவெளியில் நோய் பரப்பிய அம்ப்ரோசஸ் கொசுவுக்கு மர நிழலும் இருண்ட தேக்கநீரும் வேண்டும். மரம் போனால் அதுவும் போகும். குன்றுகளில் காத்திருந்த மாகுலேட்டஸ் கொசுவுக்கோ வெயில் படும் தெளிந்த ஓடை வேண்டும். மரத்தை வெட்டியதும் அதற்குத் தோதான இடம் தயாராகிவிட்டது. 1911இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளரின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு அறுபதைத் தாண்டியது. புதிதாகத் திறந்த சில மலைத் தோட்டங்களில் இது இன்னும் பல மடங்கு. ஊரில் மலேரியாவை அதிகம் கண்டிராதவர்கள் கப்பலேறி வந்து, லயத்தில் குடியேறிய சில மாதங்களிலேயே மண்ணோடு மண்ணானார்கள். வாட்சன் தன் தவற்றை உணர்ந்து முறையை மாற்றினார். குன்றுகளில் ஓடைகளை நிலத்தடிக் குழாய்களுக்குள் இறக்கினார். முடியாத இடங்களில் நீர்மேல் எண்ணெய் தெளித்தார். எந்த ஊரில் எந்தக் கொசு என்று முதலில் கண்டுபிடி, பிறகு அதற்குப் பிடிக்காத நிலத்தை உருவாக்கு என்ற இந்தக் கொள்கையை டச்சு இந்தியத் தீவுகளில் ஸ்வெல்லன்கிரேபலும் வளர்த்தெடுத்தார்.

தமிழ்நாட்டிலேயே இதன் இன்னொரு முகம் உண்டு. இலங்கையின் ஆறுகள் வற்றிய அதே 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. கல்லணையிலிருந்து வெட்டிய புதிய கால்வாய் வானம் பார்த்த பூமியாக இருந்த பட்டுக்கோட்டைப் பக்கம் காவிரியைக் கொண்டுபோனது. கூடவே மலேரியாவும் போனது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் 1930களின் பிற்பகுதியில் பட்டுக்கோட்டையில் முகாமிட்டு இதை ஆராய்ந்தார். குற்றவாளி மீண்டும் குலிசிஃபேசிஸ்தான். நெல் வயலே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பல நூற்றாண்டுகளாக நெல் விளையும் பழைய தஞ்சைப் படுகையில் மலேரியா பெரிதாக இல்லை. ரஸ்ஸல் குழுவினர் பார்த்ததில், நாற்று நட்டுப் பயிர் ஓர் அடி உயர்ந்து நிழல் விழுந்துவிட்டால் அந்தக் கொசு வயலை விட்டு நீங்கிவிடும். புழு பெருகியது புதிய பாசனத்தின் அலங்கோலத்தில்: கசியும் கால்வாய்க் கரைகளில், மண் எடுத்து மூடாமல் விட்ட குழிகளில், தண்ணீர் பாய்ந்தும் பயிர் ஏறாமல் கிடந்த தரிசுகளில். பாசனத்தை ரஸ்ஸல் குறை சொல்லவில்லை, ஒழுங்கில்லாத பாசனத்தைத்தான் சொன்னார். வங்காளத்தில் கதை மறுபடியும் தலைகீழ். அங்கே ஆண்டுதோறும் வண்டல் கலந்த வெள்ளம் வயல்களில் பரந்து வடிந்துகொண்டிருந்தது. ஆற்றுக்குக் கரை கட்டி, ரயில் பாதைக்கு மேடு போட்டு அந்த வெள்ளத்தைத் தடுத்தபின் மேற்கு வங்காளத்தின் கிளை ஆறுகள் செத்தன, மலேரியா பெருகியது, விளைச்சலும் சரிந்தது என்று 1925இல் வங்காளப் பொதுச் சுகாதார இயக்குநர் பென்ட்லி வாதிட்டார். பட்டுக்கோட்டையில் ஆற்றுநீர் வந்ததால் நோய். மேற்கு வங்காளத்து வர்தமானில் ஆற்றுநீர் வராததால் நோய்.

இப்படிக் கொசுவையும் குட்டையையும் எண்ணிக்கொண்டிருப்பது பசியை மறைக்கும் வேலை என்று ஒரு மறுப்பு உண்டு. வலுவான மறுப்புதான். பஞ்சாப் மலேரியாவின் வரலாற்றை ஆராய்ந்த ஷீலா ஸர்பிரிக், 1908க்குப் பின் அங்கே மழை குறைந்துவிடவில்லை, கொசுவும் ஒழியவில்லை, ஆனால் கொள்ளைச் சாவுகள் குறைந்தன, காரணம் பஞ்சங்கள் குறைந்ததே என்று காட்டுகிறார். இலங்கையிலும் 1929க்குப் பிந்தைய உலகப் பொருளாதார மந்தம் ரப்பரையும் தேங்காயையும் நம்பியிருந்த குடும்பங்களை நொறுக்கியிருந்தது; வறட்சி விளைச்சலையும் தின்றுவிட்டது. அன்று இடதுசாரிச் சூரிய மல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் கேகாலைக் கிராமங்களில் கொயினாவோடு பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தப் பணியால்தான் என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மகாத்தயா’ என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நோயாளிக்கு மருந்து மட்டும் போதாது, சோறும் வேண்டும் என்று அவர்கள் கண்டது சரியே. ஆனால் இந்த மறுப்பு எதை விளக்குகிறது, எதை விளக்கவில்லை என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் கண்டவர்களில் எத்தனை பேர் சாவார்கள் என்பதைப் பசி தீர்மானிக்கும். யாருக்குக் காய்ச்சல் வரும் என்பதைப் பசி தீர்மானிக்காது. உலர் வலயத்துக் கிராமத்தவர்கள் கேகாலைக்காரர்களை விட எந்த விதத்திலும் வளமானவர்கள் அல்லர். பட்டினியே காரணம் என்றால் சாவு அங்கேதான் குவிந்திருக்க வேண்டும். அது குவிந்ததோ வற்றிய மூன்று நான்கு ஆறுகளின் ஓரத்தில். ஏன் அங்கே என்பதை ஆற்றுப் படுகை சொல்லும். ஏன் இத்தனை பேர் என்பதைச் சமையலறை சொல்லும்.

இன்னொரு மறுப்பு அரசியல் சார்ந்தது. சூழல், தட்பவெப்பம் என்று பேசுவது ஆட்சியாளர்களுக்குத் தப்பிக்க வழிவிடுகிறது. வானம் பொய்த்தது, நாங்கள் என்ன செய்ய என்று அவர்கள் கையை விரித்துவிடலாம். மழைக் கணக்கை மட்டும் வைத்துப் பேசினால் அப்படி நடக்கத்தான் செய்யும். இடத்தை உற்றுப்பார்த்துப் பேசினால் நிலைமை மாறிவிடுகிறது. குன்றின் காட்டை வெட்டியது வானமல்ல, தோட்டக் கம்பெனி. வங்காளத்தின் வெள்ளத்தை மறித்தது ரயில்வே. பட்டுக்கோட்டைக் கால்வாய் ஓரத்துக் குழிகளை மூடாமல் விட்டது பொதுப்பணித்துறை. பொதுவான காலநிலைக் காரணம் குற்றவாளியைக் காணாமல் அடித்துவிடும். இடம் சார்ந்த காரணம் அவருக்கு முகவரியே கொடுத்துவிடும். 1934–35 கொள்ளைநோயின் அரசியல் விளைவையும் இங்கே மறக்கக் கூடாது. நிவாரணப் பணியில் ஊர் ஊராகச் சுற்றிய அதே இளைஞர்கள் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அரசுப் பேரவைத் தேர்தலில் ருவன்வெல்லையில் பெரேராவும் அவிசாவளையில் பிலிப் குணவர்தனவும் வென்றார்கள். இரண்டும் காய்ச்சல் புகுந்த களனிப் பக்கத்துத் தொகுதிகள். வானத்தைக் குறைசொல்லும் விளக்கத்தை அந்த வாக்காளர்கள் ஏற்கவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய மறுப்பு ஒரு வெள்ளைத் தூளின் வடிவில் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இலங்கையில் வீட்டுச் சுவர்களில் டிடிடி அடிக்கத் தொடங்கினார்கள். 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த தீவின் இறப்பு விகிதம் 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. ஓடையும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம், எந்த ஊராக இருந்தாலும் சுவரில் மருந்தடித்தால் போதும் என்று உலகமே நம்பிய காலம் அது. வாட்சன் போன்றவர்களின் பொறுமையான நில ஆய்வு பழங்கதையாகிவிட்டது. இந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எத்தனையோ உயிர்களை அது காத்தது. ஆனால் இறப்பு விகிதத்தின் அந்த இறக்கம் முழுவதையும் டிடிடியின் கணக்கில் எழுதலாமா என்பது அப்போதே விவாதத்துக்கு வந்தது. மலேரியா இல்லாத மாவட்டங்களிலும் இறப்பு இறங்கியிருந்தது. மருத்துவமனைகள் பெருகியிருந்தன, போர்க்கால உணவுத் தட்டுப்பாடு தளர்ந்திருந்தது. மலேரியா ஒழிப்புக்குப் பெரும்பங்கு கொடுத்தார் பீட்டர் நியூமன். பின்னால் கணக்கிட்ட கிரே கால் பங்குக்கும் குறைவாகவே கொடுத்தார். இருவருக்கும் இடைப்பட்ட ஒரு பங்கே உண்மையாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதை விட முக்கியமானது, டிடிடி ஏன் இலங்கையில் பலித்தது என்பது. குலிசிஃபேசிஸ் இரத்தம் குடித்தபின் வீட்டுச் சுவரிலும் மாட்டுத் தொழுவத்திலும் போய் உட்காரும் வழக்கமுடையது. அதனால்தான் சுவரில் அடித்த மருந்து அதன் காலில் ஒட்டியது. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மலேரியா பரப்பும் டைரஸ் கொசு காட்டில் கடித்துக் காட்டிலேயே ஓய்வெடுக்கும். சுவர் பக்கம் தலைவைத்தும் படுக்காது. அங்கே மருந்தடிப்பு எடுபடவில்லை. உலகம் முழுமைக்குமான வைத்தியம் என்று கொண்டாடப்பட்டது, உண்மையில் சில கொசுக்களின் பழக்கத்தை நம்பி நின்ற வைத்தியம். இடம் இங்கேயும் முடிவைத் தீர்மானித்தது, யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பதே வித்தியாசம்.

கவனிக்காததற்கு விலை கொடுக்க நேர்ந்தது. 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். வெற்றி கையில் கிடைத்துவிட்டது என்று 1964இல் மருந்தடிப்பைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள். சில ஆண்டுகளில் மழை குறைந்தது, ஆறுகள் மீண்டும் குட்டைகளாயின, இரத்தினக்கல் தேடித் தோண்டிய குழிகளிலும் நீர் தேங்கியது. 1969இல் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. மறுபடி மருந்தடித்தபோது கொசு டிடிடிக்குப் பழகிவிட்டிருந்தது. 1977இல் மாலத்தியான் என்ற வேறு பூச்சிமருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. அதற்கடுத்த பத்தாண்டில் மகாவலித் திட்டத்தின் அணைகள் எழுந்தன. வறட்சி வந்தால்தான் ஆறு வற்றும் என்ற விதியை அவை மாற்றிவிட்டன. மேலே தண்ணீரைத் தேக்கியதும் கீழே மகாவலியின் படுகை குட்டை குட்டையாகி, 1980களின் பிற்பாதியில் அதுவரை மலேரியா அறியாத கண்டிப் பக்கத்து ஊர்களில் காய்ச்சல் புகுந்தது. 1934இல் வானம் செய்ததை இப்போது கான்கிரீட் செய்தது. அமெரிக்காவில் டென்னசி ஆற்றில் அணைகள் கட்டியவர்கள் நீர்த்தேக்கத்தின் மட்டத்தை வேண்டுமென்றே ஏற்றி இறக்கிக் கரையோரக் கொசுப்புழுவைக் காயவைக்கும் பழக்கத்தை மகாவலி அணைகளுக்கு ஒரு தலைமுறை முன்னமே வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு ஆராய்ச்சி என்றால் அது எப்போது முடியும், அதுவரை மக்கள் சாகலாமா என்று நடைமுறைவாதிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொள்ளைநோய் எரிந்துகொண்டிருக்கும்போது கையில் கிடைக்கும் மருந்தை அடிக்கத்தான் வேண்டும். ஆனால் இடத்தை அறிவது அவ்வளவு செலவுள்ள காரியமும் அல்ல. 1990களில் அனுராதபுரம் மாவட்டத்து ஹுருலுவெவ குளத்தை ஒட்டிய யான் ஓயா ஓடையில் நீர்மேலாண்மை ஆய்வாளர்கள் வேலை செய்தார்கள். நீர்மட்டம் ஓரளவுக்குக் கீழே இறங்கிக் குட்டைகள் தோன்றும்போதுதான் குலிசிஃபேசிஸ் பெருகுகிறது, இருக்கிற பாசன நீரையே திறக்கும் முறையை மாற்றி ஓடையில் ஓட்டம் குறையாமல் வைத்திருந்தால் அதைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார்கள். புதுக் கால்வாயோ புது மருந்தோ வேண்டாம். மதகைத் திறக்கும் நாளை மாற்றினால் போதும். இலங்கை கடைசியில் மலேரியாவை வென்றதும் ஒரே ஆயுதத்தால் அல்ல. 1999இல் இரண்டரை லட்சத்துக்கு மேல் நோயாளிகள். வடக்கும் கிழக்கும் போரில் சிக்கியிருந்த அந்தக் காலத்தில் மலேரியா மிகுந்திருந்ததும் அங்கேதான். மருந்தூட்டிய கொசுவலை, ஊர் ஊராகப் போகும் நடமாடும் சோதனைக் குழு, ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் பிடித்து அவர் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது, எந்தப் பகுதிக்கு எந்தப் பூச்சிமருந்து என்று பிரித்துப் பயன்படுத்துவது என்று போர்க்கோட்டின் இரு பக்கமும் வேலை நடந்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி பதிவானது 2012 அக்டோபரில். 2016 செப்டம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது.

அந்த அறிவிப்பு வந்த சில மாதங்களில் மன்னாரில் வேறொரு கொசு அகப்பட்டது: அனாபிலிஸ் ஸ்டீஃபென்சி. சென்னைக்காரர்களுக்கு இது பழைய விருந்தாளி. கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் வளர்ந்து அந்த நகரத்தின் மலேரியாவைப் பல பத்தாண்டுகளாகப் பரப்பிவந்தது. ஆற்றுப் படுகையை நம்பாத, குடிநீரைச் சேமிக்கும் இடத்திலேயே வாழும் கொசு. 2012இல் இது ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் காணப்பட்டது. அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020இல் 73,000க்கும் மேல். அதன்பின் எத்தியோப்பியாவிலும் வேறு நாடுகளிலும் அது பரவியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் இதுவரை மலேரியா பெரும்பாலும் கிராமத்து நோய். அங்கே வகுத்த திட்டங்கள் இரவில் வீட்டுக்குள் கடிக்கும் கொசுவையும் மழைக்காலத் தேக்கங்களையும் மனதில் வைத்தவை. குழாயில் தண்ணீர் வராத நகரத்தில் மக்கள் பீப்பாயிலும் தொட்டியிலும் நீர் பிடித்து வைக்கிறார்கள். மழையே பெய்யாவிட்டாலும் அங்கே கொசு வளரும். ஜிபூட்டிக்கும் எத்தியோப்பிய நகரங்களுக்கும் இன்று தேவை மழை வரைபடமோ சதுப்பு நிலக் கணக்கோ அல்ல. எந்தத் தெருவில் எத்தனை நீர்த்தொட்டிகள் மூடியில்லாமல் இருக்கின்றன என்ற பட்டியலும், தெருக்குழாயில் தவறாமல் வரும் தண்ணீரும்தான்.